தன்னைத் தான் எழுதுதல்

(நம் சங்கத்துக் கல்விக் குழுவின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுமாறு கல்விக் குழுவினர் எனக்கு இட்ட தலைப்பு கேட்டற்குப் புதுமையாய் இருத்தல் கூடும். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் சேர விரும்பும் நம் பிள்ளைகள் தம்மைப் பற்றித் தாமே எழுதி விடுக்கவேண்டிய கட்டுரையை எங்ஙனம் எழுதுவது என்பதே அத்தலைப்பு. தமிழாசிரியனாகிய எனக்கும் அமெரிக்கக் கல்லூரிக்கும் யாது தொடர்பு என்று நீங்கள் வினவலாம். யானும் செயலாளர் அவர்களிடம் அவ்வாறே வினவினேன். "ஐயா, ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பார் பலர் உளர், கட்டுரை என்றால் யாது என்று சொல்லிக் கொடுப்பாரைத்தான் காணோம்" என்று அவர் விடை கூறினார். அவ்விடைக்கு யான் இணங்கினேன். இணங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அஃது யான் செய்த ஒரு பிழையைப் பற்றியது. அதனை இவ்வவையில் மறையாது கூறிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

முதற்கண் நம் நாட்டு முறையை நினைவு கூர்வோம். தமிழ்நாட்டிற் பொறியியற் கல்லூரியிற் சேர்வார்க்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும், மருத்துவக் கல்லூரியிற் சேர்வார்க்கு நீட் தேர்வின் மதிப்பெண்ணுமே பெரும்பாலும் கதவைத் திறக்கின்றன. அம்முறையில் மாணவன் ஓர் எண்ணாகச் செல்கின்றான். அவன் எத்தகையன் என்று எவரும் கேட்பதில்லை. இதன்கண் ஒரு நன்மையும் உண்டு. எண்ணுக்கு முகம் பார்க்கத் தெரியாது. ஆயினும், பல்லாண்டு இம்முறையிற் பழகிய நம் பிள்ளைகள், "நீ யார்? உன்னைப் பற்றிச் சொல்" என்று ஒருவர் கேட்ட அளவில் திகைத்து நிற்கின்றனர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளையும் இவ்வொரு வினாவுக்கு வெறுந்தாளை நீட்டுகின்றான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ இவ்வினாவைத் தவிர்த்தல் அரிது. அங்கே 1975-ஆம் ஆண்டு 15 கல்லூரிகள் ஒன்றுகூடித் தொடங்கிய 'காமன் அப்ளிகேஷன்' என்னும் பொது விண்ணப்பமுறை, இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்கு உரியதாய் வளர்ந்திருக்கின்றது. அதன்கண் மாணவன் ஒரு கட்டுரை எழுதுதற்கு இடம் உண்டு. 250 சொற்களிற் குறையலாகாது. 650 சொற்களுக்கு மிகலாகாது. ஏழு தலைப்புக்கள் தரப்படும். ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தன்னை உருவாக்கிய சூழல், தனக்கு நேர்ந்த தடை அல்லது தோல்வி, தான் ஐயுற்று வினவிய ஒரு நம்பிக்கை, பிறர் செய்த உதவியால் எழுந்த நன்றி, தன்னை வளர்த்த நிகழ்ச்சி, காலம் போவது தெரியாமல் தன்னை ஆழ்த்தும் ஒரு பொருள் என ஆறு தலைப்புக்களும், விரும்பியதை எழுதலாம் என்னும் ஏழாவதும் ஆம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தனக்கென வேறு முறை வைத்திருக்கின்றது. அஃது எட்டு வினாக்களைத் தந்து, நான்கனுக்கு விடை கேட்கும். ஒவ்வொரு விடையும் 350 சொற்களுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும்.

இங்கிலாந்து முதலிய நாடுகளின் வழக்கு வேறு. அங்கே 'யூகாஸ்' என்னும் நிறுவனத்தின் வாயிலாக விண்ணப்பம் செல்லும். முன்னர் ஒரே நீண்ட கூற்றாக எழுதப்பட்டது, 2026-இற் சேர்வார்க்கென மூன்று வினாக்களாகப் பகுக்கப்பட்டது. இப்பாடத்தை ஏன் கற்க விரும்புகின்றாய்? உன் கல்வி உன்னை அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்தது? கல்விக்கூடத்துக்கு வெளியே நீ செய்தவை அதற்கு எவ்வாறு துணையாகும்? என்பனவே அவை. இடைவெளியும் உட்பட 4000 எழுத்துக்களுக்குள் மூன்றும் அடங்கவேண்டும். ஆங்கே பாடத்தின்மேல் உள்ள பற்றே முதன்மையாக நோக்கப்படும். அமெரிக்காவிலோ எழுதுகின்ற ஆளே நோக்கப்படுவான். அவையறிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தது இதற்கும் பொருந்தும். ஓர் அவைக்கு எழுதியதை மற்றோர் அவைக்குப் பெயர் மாற்றி விடுத்தல் பிழை.

இனி, தன்னைப் பற்றித் தான் எழுதுதல் முறையாமோ என்னும் ஐயம் நம் பெரியோர் பலர்க்கு உண்டு. தமிழ் மரபு இவ்வையத்தை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றது. நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலைச் சிறப்பித்துரைக்கும் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்தல் கூடாதென்றும், அவனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் என்பாருள் ஒருவனே செய்தல் வேண்டுமென்றும் விதித்தார். எத்துணைப் பெரும் புலவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது அவர் கருத்து. ஆனால் அவரே நான்கு விலக்கும் தந்தார். அரசவைக்கு ஓலை விடுக்கும்பொழுதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்த பொழுதும் புலவன் தன்னைப் புகழலாம் என்றார்.

இவ்விரு விதிகளும் அமெரிக்க விண்ணப்பத்துக்கு அப்படியே பொருந்துதல் காண்க. பிள்ளையின் ஆசிரியர் தனியே எழுதி விடுக்கும் பரிந்துரை மடல், சிறப்புப் பாயிரம். புகழ வேண்டியதை அவர் புகழட்டும். பிள்ளை எழுதும் கட்டுரையோ அவைக்கு விடுக்கும் ஓலை. அதனைப் படிப்பார் அவனை அறியாதார். ஆகவே அங்கே தன்னைப் பற்றிப் பேசுதல் குற்றமன்று. ஆனாலும், பேசலாம் என்னும் இசைவைப் பெற்றவன் புகழ்ந்துகொண்டே போதல் வேண்டா. "யான் உழைப்பாளி, யான் தலைமைப் பண்பு உடையேன்" என்பன புகழுரைகள், அவற்றை எவனும் எழுதலாம். "இன்ன நாளில் இன்னது கண்டேன், இன்னது செய்தேன், இவ்விடத்துத் தவறினேன்" என்பது உரைப்போனன்றி வேறொருவன் எழுத இயலாதது. அணியிலக்கணத்தார் பொருளை உள்ளவாறே உரைப்பதைத் தன்மையணி என்று முதலில் வைத்தனர். இக்கட்டுரைக்கு வேண்டும் அணி அஃது ஒன்றே.

இவ்வுண்மையை அறியாமல் யான் செய்த பிழையை இனிக் கூறுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் படித்த மாணவன் ஒருவன், மின்பொறியியல் கற்க அமெரிக்கா செல்ல விரும்பினான். அறிவிற் சிறந்தவன், பேச்சிற் குறைந்தவன். அவன் தந்தையார் என்னிடம் வந்து, "நீங்கள்தான் நல்லதொரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும் ஐயா" என்றார். யானும் மகிழ்ந்து இசைந்தேன். அக்குடும்பத்தின் மூதாதை ஒருவர் வழிப்போக்கர்க்கெனச் சத்திரம் ஒன்று கட்டி வைத்தவர். அவருடைய கொடையையும், நம் மரபின் பெருமையையும், வாணிகத்திற் பிறழாத நேர்மையையும் செந்தமிழில் எழுதினேன். உவமைகளை அடுக்கினேன். அவர்கள் உறவினர் ஒருவர் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார். கேட்டவரெல்லாம் தலையசைத்தனர். விண்ணப்பம் சென்றது.

சில திங்களுக்குப் பின் ஒரு கல்லூரியின் சார்பில் ஒருவர் அவனோடு கணினி வழியே நேர்காணல் செய்தார். அவர் சத்திரத்தைப் பற்றி அன்போடு கேட்டாராம். "உன் மூதாதையின் கொடையைப் பற்றி அறிந்து மகிழ்ந்தேன்; அதனால் நீ என்ன செய்தாய்?" என்றாராம். பையனுக்கு விடை வரவில்லை. அன்று மாலை அவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஐயா, அந்தக் கட்டுரையில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டான்.

யான் விடை கூற இயலாது வாளாவிருந்தேன். சிறிது பொறுத்து, "நீ எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாய் தம்பி?" என்றேன். அவன் சொன்னதைக் கேட்டு யான் நாணினேன். அச்சத்திரத்துக் கிணற்று மோட்டார் ஓராண்டில் மும்முறை கருகிப்போயிற்றாம். ஒவ்வொரு முறையும் கம்பி சுற்றிக் கொணர்ந்து மாட்டினார்களேயன்றிக் காரணத்தை எவரும் தேடவில்லையாம். இவன் ஒரு சிறு குறிப்பேட்டில், நாள்தோறும் வேளைதோறும் மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து குறித்து வந்திருக்கின்றான். மாலையில் ஊரெங்கும் விளக்கேற்றும் வேளையில் அழுத்தம் தாழ்கின்றது. அழுத்தம் தாழுங்கால் மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறுகின்றது. அதனாற் சுருள் கருகுகின்றது என்று கண்டறிந்திருக்கின்றான். சத்திரத்துக் காவலரிடம் சொல்லி நீர் இறைப்பதை விடியற்காலைக்கு மாற்றியிருக்கின்றான். அதன்பின் மோட்டார் கருகவில்லை.

பெரியோர்களே! சத்திரத்தைக் கட்டியவரைப் பற்றி யான் இரண்டு பக்கம் எழுதினேன். அச்சத்திரத்தில் இன்று தண்ணீர் வரச் செய்தவன் என் எதிரிலேயே அமர்ந்திருந்தான். அவனை யான் காணவில்லை. அக்கல்லூரிகள் அவனுக்கு இடம் தரவில்லை. கட்டுரை வேறாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று யான் துணிந்து சொல்லமாட்டேன். காரணத்தை அவர்கள் எவர்க்கும் உரைப்பதில்லை. அவன் நம் நாட்டுக் கல்லூரியொன்றிற் கற்று இன்று நன்றாகவே இருக்கின்றான். ஆயினும் தன்னைத் தான் சொல்லும் உரிமையை அவனிடமிருந்து யான் பறித்தேன் என்னும் எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை.

குலப்பெருமையை எழுதவேண்டா என்று ஒரு மரபினரின் சங்கத்தில் நின்றே யான் கூறுவது சிலர்க்கு மனக்கசப்பைத் தரலாம். அவர்கள் பொருட்டு இக்கட்டுரை முறையின் வரலாற்றைச் சிறிது கூறுவேன். அமெரிக்கப் பெருங்கல்லூரிகள் ஒரு காலத்தில் தேர்வு மதிப்பெண்ணையே பெரிதும் நோக்கின. 1922-ஆம் ஆண்டளவில் ஆர்வார்டுப் பல்கலைக்கழகத்து மாணவருள் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் யூதர் இருந்தனர். அதன் தலைவராகிய லோவெல் என்பார் அத்தொகையை நூற்றுக்குப் பதினைந்தாகக் குறைக்க விழைந்தார். வெளிப்படையான அளவு வைத்தலை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. ஆயினும் 1926-இல் மாணவரின் பண்பும் ஆளுமையும் நோக்கித் தெரியும் முறை புகுந்தது. அதற்கு முன்னரே, தந்தையின் பெயரிலோ மாணவன் பெயரிலோ மாற்றம் ஏதேனும் செய்யப்பட்டதுண்டோ என்னும் வினாவும் விண்ணப்பத்தில் இடம்பெற்றிருந்தது. மாணவனின் பிறப்பைத் துருவி அறிதற்கே அவ்வினா. யூத மாணவர் தொகையும் பின்னர்க் குறைந்தது. செரோம் காரபெல் என்னும் சமூகவியல் அறிஞர் 2005-இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரித்துரைத்திருக்கின்றார்.

'ஆளின் பண்பை நோக்குதல்' என்னும் நல்ல பெயருக்குப் பின்னே 'ஆளின் பிறப்பை நோக்குதல்' ஒளிந்திருந்த காலம் ஒன்று உண்டு என்பது இதனாற் பெறப்படும். நம் நாட்டிற் பிறப்பைக் கேட்டு வாயிலை அடைத்த கதைகளை நாம் அறியாதவர் அல்லோம். நூறாண்டுகளுக்குப் பின்னர், 2023 சூன் 29-ஆம் நாள், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆர்வார்டு முதலியவற்றின்மேல் வந்த வழக்கில், மாணவரைத் தெரிவதில் நிற இனத்தையே ஒரு காரணமாகக் கொள்ளுதல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நன்றோ தீதோ என்பதில் அந்நாட்டாரிடையே கருத்து வேறுபாடு மிக உண்டு. அதனுள் நாம் புகவேண்டுவதில்லை. நமக்கு வேண்டுவது, தலைமை நீதிபதி ராபர்ட்சு அத்தீர்ப்பிற் கூறிய ஒரு குறிப்பு. தன் இனத்தாற் தன் வாழ்க்கைக்கு நேர்ந்த இழிவையோ, அதனாற் பெற்ற ஊக்கத்தையோ மாணவன் கட்டுரையில் எழுதினால், அதனைக் கல்லூரி கருதலாம். ஆனால் அஃது அம்மாணவனுக்கே உரிய பண்போடும் திறனோடும் இணைந்திருத்தல் வேண்டும் என்பது அக்குறிப்பின் சாரம்.

இதனைக் காட்டிலும் தெளிவான இலக்கணம் வேண்டா. எந்தக் குடியிற் பிறந்தேன் என்பது செய்தி; அதனால் யான் என்ன ஆனேன் என்பதே கட்டுரை. மூதாதையின் சத்திரம் கட்டுரையில் வரலாம். ஆனால் அதன் கிணற்றடியில் பிள்ளை நிற்கவேண்டும்.

அப்பிழைக்குப் பின் யான் கழுவாய் தேடிய கதையையும் கேளுங்கள். இரண்டாண்டுக்கு முன்னர் நம் சங்கத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி தன் கட்டுரையோடு வந்தாள். அவள் தந்தையார் மளிகைக்கடை வைத்திருப்பவர். கட்டுரையில் அவளுடைய பாட்டனார் ஒரு பையோடு ஊருக்கு வந்து கடைகள் பல கண்ட வரலாறு இருந்தது. யான் பேனாவைத் தொடவில்லை. "அம்மா, நீ கடையில் அமர்வதுண்டா?" என்றேன். "உண்டு ஐயா." "அங்கே உன் மனத்தை உறுத்திய நாள் ஏதேனும் உண்டா?" நெடுநேரம் தயங்கினாள். பின்னர்க் கூறினாள்.

அவள் தந்தையார் கடன் பேரேட்டில் வாங்கியவர் பெயரை முழுமையாக எழுதும் வழக்கம் இல்லாதவர். பெயரின் முதலெழுத்தும் தெருவின் முதலெழுத்துமே எழுதுவார். இதனை ஒழுங்கற்ற கணக்கு என்று இவள் எண்ணினாள். விடுமுறையில் அனைத்தையும் கணினியில் ஏற்றி, முழுப்பெயரும் பாக்கித் தொகையும் விளங்க அச்சிட்டுக் கடைப்பையன்கள் பார்ப்பதற்கெனக் கல்லாவின் அருகே ஒட்டினாள். மறுநாள் பல்லாண்டு வாடிக்கையான மூதாட்டி ஒருவர் வந்தார், தம் பெயரை அயலார் படிப்பதைக் கண்டார், ஒன்றும் வாங்காமற் சென்றார், பின்னர் வரவேயில்லை. தந்தையார் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. தாளைக் கிழித்துவிட்டுப் பழைய பேரேட்டை எடுத்து வைத்தார். அவ்வளவே. முதலெழுத்து மட்டும் எழுதியதன் காரணம் அப்பொழுதுதான் இவளுக்கு விளங்கிற்று. மூதாட்டியின் வீட்டைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டாள். அவர் மோர் கொடுத்து அனுப்பினாரேயன்றிக் கடைக்கு மீண்டும் வருவதாகச் சொல்லவில்லை. பின்னர் இவள், பாக்கி உடையவரும் கடைக்காரரும் தவிரப் பிறர் காண இயலாதபடி ஒரு கணக்கு நிரலைத் தானே எழுதினாள். கணினி அறிவியலில் மக்களின் செய்திகளைக் காக்கும் துறையைக் கற்கவேண்டும் என்னும் விருப்பம் அதிலிருந்தே தோன்றியதாம்.

"இதை எழுதலாமா ஐயா? இது என் தவறு ஆயிற்றே" என்றாள்.

"தவறு உன்னுடையது, ஆகவே கட்டுரையும் உன்னுடையது" என்றேன்.

அவள் எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியத்தின் பொருள் இது: "எங்கள் கடையின் கணக்கை நான் சரியாக எழுதிய நாளில் நாங்கள் ஒரு வாடிக்கையாளரை இழந்தோம்." இதனினும் நல்ல தொடக்கத்தை முப்பது இலக்கண நூல் கற்ற புலவனும் எழுதிவிட இயலாது. பாட்டனார் கட்டுரையினின்று போய்விடவில்லை. முதலெழுத்து மட்டும் எழுதும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அவரே என்று ஒரு வரியில் வந்தார். அவ்வொரு வரியில் அவர் பெற்ற பெருமை முன்னைய இரண்டு பக்கத்தில் அவர்க்கு இல்லை. சில கல்லூரிகள் அவளை மறுத்தன. ஒரு கல்லூரி உதவித்தொகையோடு ஏற்றது. அவள் இப்பொழுது அங்கே கற்கின்றாள்.

மாணவச் செல்வங்களே! இனி, எழுதும் முறையை உங்கட்குச் சுருங்கச் சொல்லுவேன்.

முதலாவது, பொருளைத் தேடுங்கால் பெருநிகழ்ச்சிகளைத் தேடாதீர்கள். பரிசு, பதக்கம், மதிப்பெண் ஆகியவற்றுக்கு விண்ணப்பத்தில் வேறு இடம் உண்டு. அவற்றைக் கட்டுரையில் மீட்டும் கூறினால் அது கூறியது கூறல் என்னும் குற்றமாம். உங்கள் நாட்களில் உங்கள் கருத்து மாறிய ஒரு நாளைத் தேடுங்கள். அன்று என்ன கண்டேன்? என்ன செய்தேன்? அதன்பின் எவ்வாறு மாறினேன்? இம்மூன்று வினாக்களுக்கும் விடையுள்ள நாளே உங்கள் கட்டுரைப் பொருள். அது மோட்டார்க் கொட்டகையிலும் கிடைக்கும். கல்லாப்பெட்டியின் அருகிலும் கிடைக்கும்.

இரண்டாவது, நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுட் சிலவற்றை உங்கள் மேசையின்மேல் எழுதி வையுங்கள். நிகழ்ச்சியைச் சொல்லி அதனால் விளைந்த எண்ணத்தைச் சொல்லாது விடுதல் குன்றக் கூறல். ஒருநாள் முதியோர் இல்லம் சென்று வந்து, 'என் வாழ்வே மாறியது' என்று எழுதுதல் மிகைபடக் கூறல். 650 சொல்லுள் ஐந்து நிகழ்ச்சிகளைத் திணித்தலும், தன்னை விட்டுப் பாட்டனாரைப் பாடுதலும் மற்றொன்று விரித்தல். அகராதியிற் தேடி எடுத்த அருஞ்சொற்களாற் பயனின்றி நிரப்புதல் வெற்றெனத் தொடுத்தல். தொடக்கத்திற் சிறந்து முடிவில் 'ஆகவே விடாமுயற்சியே வெற்றி' என்று தேய்ந்து போதல் சென்று தேய்ந்து இறுதல். இக்குற்றமே நம் பிள்ளைகளிடம் மிகுதி. கதை முடிந்தபின் நீதி கூறும் பழக்கத்தைப் பள்ளியில் யாங்கள் உங்கட்குக் கற்பித்தோம். அப்பழக்கத்தை இக்கட்டுரையில் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, காலம். அப்பொது விண்ணப்பம் ஆண்டுதோறும் ஆகஸ்டு 1-ஆம் நாள் திறக்கும். விண்ணப்ப முடிவு நாட்கள் பல கல்லூரிகளுக்கு நவம்பர்த் தொடக்கத்திலும் சனவரித் தொடக்கத்திலும் அமையும். கோடை விடுமுறையிலேயே முதற்படியை எழுதுங்கள். ஒரு வாரம் மூடி வையுங்கள். பின்னர் உரக்கப் படியுங்கள். உங்கள் வாயில் வராத சொல் எதுவோ அதனை நீக்குங்கள். கட்டுரையினின்று உங்கள் பெயரை எடுத்துவிட்டு மற்றொரு மாணவன் பெயரை இட்டாலும் அது பொருந்துமாயின், அஃது உங்கள் கட்டுரை அன்று, மீண்டும் எழுதுங்கள்.

பெற்றோர்களே! உங்கட்கும் சில சொல்லவேண்டியிருக்கின்றது. கூலி கொடுத்தால் கட்டுரை எழுதித் தருவார் இன்று நகரந்தோறும் உளர். கூலியும் இன்றி நொடிப்பொழுதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் வந்துவிட்டன. விண்ணப்பத்தின் இறுதியில், இது முற்றும் என் எழுத்தே என்று பிள்ளை உறுதி கூறிக் கையொப்பம் இடவேண்டும் என்பதை மறவாதீர்கள். பொறி எழுதிய பொருளைத் தன் எழுத்தாகக் காட்டுதலையும் அப்பொது விண்ணப்ப நிறுவனம் 2023-இல் மோசடி என்று தன் விதியிற் சேர்த்தது. 2019 மார்ச்சுத் திங்களில், பணத்தாற் கல்லூரியில் இடம் வாங்க முயன்ற பெற்றோரும் அவர்க்குத் துணைபோனோருமாக ஏறத்தாழ 50 பேர்மேல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. செல்வரும் புகழ் பெற்றோருமாகிய பெற்றோர் சிலர் சிறை சென்றனர். அவர்கள் தம் பிள்ளைகளை வெறுத்தவர் அல்லர், மிகவும் விரும்பியவரே. ஆனால், 'உன்னால் இயலாது. யாம் வாங்கித் தருகின்றோம்' என்பதையே அவர்கள் செயல் அப்பிள்ளைகளுக்குச் சொல்லிற்று. யான் பணம் வாங்கவில்லை, நன்மையே கருதினேன். ஆயினும் என் மாணவனுக்கு யான் எழுதிக் கொடுத்த கட்டுரையும் அவனுக்கு அதையேதான் சொல்லிற்று.

அங்ஙனமாயின் பெரியோர் செய்யத்தக்க உதவி யாது? கேட்டல். பிள்ளையோடு அமர்ந்து வினாவெழுப்பிப் பொறுமையோடு கேட்டல். எழுதியதைப் படித்து, 'இவ்விடம் எனக்கு விளங்கவில்லை' என்று சொல்லுதல். எழுத்துப் பிழையைச் சுட்டுதல். இவ்வளவே. அவன் மனத்துள் உள்ள மோட்டார்க் கதையை வெளிக்கொணர ஒரு நல்ல வினா போதும்.

ஆகவே இச்சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் சூன் திங்களில் இரண்டு மாலைகளை இதற்கென ஒதுக்குக. அயல்நாடு செல்ல விழையும் பிள்ளைகள் வரட்டும்; நம் கூட்டத்து வணிகர், ஆசிரியர், பொறியியலார், இல்லத் தலைவியர் எவராயினும் வரட்டும். பெரியவர் ஒருவர்க்குப் பிள்ளை ஒருவர் என்று அமரட்டும். பெரியவர் கையில் பேனா இருத்தல் கூடாது என்பது ஒன்றே விதி. அவர் வினவவேண்டும்; பிள்ளை பேசவேண்டும். முதலாண்டு யானே வந்து ஒரு மூலையில் அமர்வேன்.

அயல்நாடு செல்லாத பிள்ளைகளும் இதில் அமரலாம் என்பது என் கருத்து. கல்லூரி கேட்பினும் கேளாவிடினும், 'நான் யார்? என்ன செய்தேன்? எங்கே தவறினேன்?' என்னும் வினாக்களை ஒருமுறையேனும் எழுதி விடை கண்டவன், எங்குச் சென்றாலும் தன்னை இழவான். நம் முன்னோர் நமக்குச் சத்திரத்தையும் கடையையும் விட்டுச் சென்றனர். அவற்றைப் பற்றி எழுதிக் கொடுக்கப் புலவர் பலர் உளர். நம் பிள்ளைகள் தம்மைத் தாமே எழுதட்டும்.